எந்த ஆங்கிலக் குர்ஆனை வாங்குவது?

எந்த இங்கிலீஷ் குர்ஆன் வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறவர்கள் இரண்டு வகை.

முதல் வகை எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள். உத்தமபாளையம், கம்பம், போடி என்று இங்கே பூர்வீகம், வளர்ந்தது பெங்களூரிலோ துபாயிலோ. சின்ன வயதில் ஓதப் பள்ளிக்கு அனுப்பி அலிஃப், பே தொடங்கி 30 ஜுஸ்வும் (பாகமும்) ஓதி முடிக்க வைத்திருப்போம். கத்தம் ஓதி ஊருக்கே இனிப்பும் கொடுத்திருப்போம். தமிழ் நன்றாகப் பேசுவார்கள், ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். அவர்களில் ஒருத்தி கேட்டாள்: “பெரியம்மா, ஓதத் தெரியுது. என்ன ஓதுறேன்னுதான் தெரியல.”

இரண்டாவது வகை என்னிடம் படித்த பிள்ளைகள். சின்னமனூர், கூடலூர், காமயகவுண்டன்பட்டிப் பக்கம். முஸ்லிம் அல்லாதவர்கள். பள்ளிக்கூடத்தில் எங்கள் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், பெருநாள் பிரியாணிக்கு வீட்டுக்கு வந்தவர்கள். “டீச்சர், அதுல என்னதான் இருக்குன்னு ஒரு தடவை முழுசாப் படிச்சிரணும். எதை வாங்க?” என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு நான் பெரிய மரியாதை வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரன் எதை நெஞ்சில் வைத்து வாழ்கிறான் என்று தெரிந்துகொள்ள ஒருவர் காசு செலவழித்து, நேரம் ஒதுக்கி உட்காருகிறார் என்றால் அவருக்குச் சரியான புத்தகம் கையில் கிடைக்க வேண்டும்.

சுருக்கமான பதில் போதும் என்பவர்களுக்கு: எம்.ஏ.எஸ். அப்துல் ஹலீம் மொழிபெயர்த்து 2004இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ‘தி குர்ஆன்’. அதற்குப் பக்கத்தில் ஒரு தமிழ் தர்ஜமா (மொழிபெயர்ப்பு). அ.கா. அப்துல் ஹமீது பாகவியின் தர்ஜமா என்றால் மிகவும் நல்லது. இதோடு நிறுத்திக்கொண்டு கடைக்குப் போகலாம். ஏன் என்று கேட்கிறவர்களுக்குத்தான் மீதிப் பதிவு.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். அரபியில் இருப்பது மட்டும்தான் குர்ஆன் என்பது முஸ்லிம்களின் நிலை. வேறு மொழியில் வருவதெல்லாம் அதன் பொருளை ஒரு மனிதர் தனக்கு விளங்கியபடி எழுதித் தருவது. மொழிபெயர்த்தவர்களுக்கே இது தெரியும். அதனால்தான் பிக்தால் தன் புத்தகத் தலைப்பில் ‘பொருள்’ என்று சேர்த்தார், ஆர்பெரி ‘விளக்கப்பட்ட குர்ஆன்’ என்று வைத்தார். ஆகவே “எது சிறந்தது?” என்பதைவிட “யார் செய்தது, எப்போது, யாரை மனதில் வைத்து?” என்று கேட்பதுதான் பயன் தரும். புத்தகத்தின் முன்னுரையை நின்றபடியே நாலு பக்கம் படித்தால் இந்த மூன்றுக்கும் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும்.

இணையத்தில் தேடினால் இலவசமாக முதலில் கையில் சிக்குவது பழையவை. ஜார்ஜ் சேல் 1734இல் செய்தது, ராட்வெல் 1861இல் செய்தது, பால்மர் 1880இல் செய்தது. பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் எங்கும் கிடைக்கும். சேலின் பதிப்புக்குப் பெரிய வரலாறு உண்டு. அமெரிக்க ஜனாதிபதி ஜெஃபர்சன் வைத்திருந்தது அதுதான். 2007இல் கீத் எலிசன் அமெரிக்கக் காங்கிரஸில் உறுதிமொழி எடுத்தபோது ஜெஃபர்சனின் அந்தப் பிரதியின் மேல்தான் கை வைத்தார். வரலாறு பெரியதுதான். ஆனால் இந்தப் பழைய மூன்றும் இஸ்லாத்துக்கு வெளியே நின்று, மறுப்பதற்காகவும் ஆராய்வதற்காகவும் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியர் எழுதியவை. ராட்வெல் அத்தியாய வரிசையையே மாற்றி, எது முன்னால் அருளப்பட்டது என்று தான் கருதிய வரிசையில் அடுக்கிவிட்டார். முதல் தடவை படிக்கிறவர் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, பள்ளிவாசல் பயானில் (உரையில்) ஹஜ்ரத் (இமாம்) சொல்லும் அத்தியாயத்தைத் தேடினால் அது வேறெங்கோ இருக்கும். பழைய புத்தகக் கடையில் பெங்குவின் வெளியீடாகக் கிடைக்கும் தாவூத் மொழிபெயர்ப்பின் (1956) ஆரம்பப் பதிப்புகளிலும் இதே சிக்கல். பிந்திய பதிப்புகளில் வழக்கமான வரிசைக்குத் திரும்பிவிட்டார்கள்.

இனி நம் மண்ணோடு தொடர்புள்ள இருவர். இவர்களைப் பற்றிச் சற்று நிதானமாகவே சொல்ல வேண்டும்.

மர்மட்யூக் பிக்தால் இங்கிலாந்துக்காரர், நாவலாசிரியர். 1917இல் இஸ்லாத்தைத் தழுவினார். 1920இல் பம்பாய்க்கு வந்து ‘பாம்பே கிரானிக்கிள்’ பத்திரிகைக்கு ஆசிரியரானார். பிறகு ஹைதராபாத்தில் நிஜாமின் பணியில் சேர்ந்து பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியராக இருந்தார், ‘இஸ்லாமிக் கல்ச்சர்’ இதழை நடத்தினார். மொழிபெயர்ப்பை முடிக்க நிஜாம் அவருக்குச் சம்பளத்தோடு இரண்டு வருட விடுப்பு கொடுத்தார். எழுதியதை எடுத்துக்கொண்டு எகிப்துக்குப் போய் அங்குள்ள அறிஞர்களிடம் காட்டிச் சரிபார்த்தார். குர்ஆனை மொழிபெயர்ப்பதையே அன்று அங்கே பலர் எதிர்த்தார்கள். 1930இல் புத்தகம் வெளிவந்தது.

அதற்கு முன்பே அவர் சென்னைக்கு வந்து பேசியிருக்கிறார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தோல் வியாபாரத்தில் பெரும் பேர் எடுத்த ஜமால் முகமது முன்னின்று நடத்திய ‘மெட்ராஸ் இஸ்லாமியச் சொற்பொழிவுகள்’ வரிசையில் 1925இல் சுலைமான் நத்வி பேசினார், 1927இல் பிக்தால், 1929இல் இக்பால். இக்பாலின் புகழ்பெற்ற தத்துவ நூல் அந்தச் சென்னை உரைகளிலிருந்து பிறந்தது. திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியில் படித்த நம் கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்தப் பெயருக்குரியவர் அழைத்துத்தான் பிக்தால் இந்தப் பக்கம் வந்தார் என்று தெரிந்தால் அந்தப் புத்தகத்தைத் தொடும்போது கொஞ்சம் சொந்தம் தோன்றும்.

அப்துல்லாஹ் யூசுஃப் அலி 1872இல் பம்பாயில் பிறந்தவர். ஐ.சி.எஸ். அதிகாரி. லாகூர் இஸ்லாமியாக் கல்லூரி முதல்வர். அவருடைய மொழிபெயர்ப்பு 1934 முதல் லாகூரில் பகுதி பகுதியாக வெளிவந்தது. வசனங்களுக்குக் கீழே ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அடிக்குறிப்புகள், இடையிடையே கவிதை நடையில் அவரே எழுதிய விளக்கம். பழைய ஆங்கில இலக்கியத்தில் ஊறிய மனம் அந்தக் குறிப்புகளில் தெரியும். ஒவ்வொரு வசனத்தையும் அவர் தன் வாழ்க்கையின் துக்கத்தோடு சேர்த்துப் படித்தார் என்று எனக்குத் தோன்றும். இல்லறம் முறிந்தது, பிள்ளைகளோடு உறவு அறுந்தது. 1953 டிசம்பரில் லண்டனில் ஒரு வீட்டு வாசற்படியில் ஆதரவற்ற கிழவராகக் கண்டெடுக்கப்பட்டு, ஆஸ்பத்திரிக்கும் முதியோர் இல்லத்துக்குமாக அலைக்கழிந்து இறந்தார். உலகம் முழுக்க லட்சக்கணக்கான வீடுகளில் அவர் பெயர் அலமாரியில் இருந்தது, அவர் பக்கத்தில் யாரும் இல்லை. பிக்தால், யூசுஃப் அலி இருவரும் அடக்கமாகியிருப்பது இங்கிலாந்தில் ஒரே இடம், ப்ரூக்வுட் கல்லறைத் தோட்டம்.

இந்த இரண்டு பேரையும் நான் நேசிக்கிறேன். ஆனாலும் முதல் புத்தகமாக இவர்களைச் சொல்வதில்லை. காரணம் மொழி. இருவரும் எழுதியது பழைய பைபிள் நடை ஆங்கிலம். மதுரைக்குப் போய் அமெரிக்கன் கல்லூரியில் படித்த எங்கள் பெரியத்தா தலைமுறைக்கு அது தேனாக இனித்தது. இன்றைய பிள்ளைக்கு ஒவ்வொரு வினைச்சொல்லும் ஒரு தடை. அர்த்தத்தைத் தேடி வந்தவர் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டி, பத்தாம் பக்கத்தில் மூடி வைத்துவிடுவார்.

யூசுஃப் அலியை வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்தப் பெயரில் கடையில் இருப்பது எல்லாம் ஒன்றல்ல. 1980களில் மதீனாவில் உள்ள மன்னர் ஃபஹத் அச்சகமும், பிறகு அமெரிக்காவின் அமானா பதிப்பகமும் அவருடைய வாசகத்தையும் குறிப்புகளையும் திருத்தி வெளியிட்டன. சில குறிப்புகள் மாற்றப்பட்டன, சில நீக்கப்பட்டன. மலிவு விலையில் டெல்லியில் அச்சாகும் சிலவற்றில் குறிப்பே இருக்காது. யூசுஃப் அலியை அவருடைய குறிப்புகளுக்காகத்தான் வாங்க வேண்டும். ஆகவே உள்பக்கத்தைப் புரட்டி, இது எந்தப் பதிப்பைப் பார்த்து அச்சிட்டது என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

மதீனா அச்சகம் யூசுஃப் அலியை நிறுத்திய பிறகு பரவலாக இலவசமாக வினியோகித்தது ஹிலாலியும் முஹ்சின் கானும் செய்த மொழிபெயர்ப்பு. ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள் வீட்டில் பார்க்கலாம். அச்சு அழகு, அரபி எழுத்து அழகு. ஆனால் முதல் வாசகருக்கு இதை நான் கொடுக்கவே மாட்டேன். வசனத்தின் நடுவே அடைப்புக்குறி போட்டு விளக்கங்களைச் செருகிக்கொண்டே போகிறார்கள். முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவின் கடைசி வசனத்திலேயே யூதர்கள், கிறிஸ்தவர்கள் என்ற பெயர்கள் அடைப்புக்குறிக்குள் வந்துவிடுகின்றன. அரபி மூலத்தில் அங்கே எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. ஒரு ஹதீஸை (நபிமொழியை) வைத்துத்தான் சேர்த்தார்கள் என்பது அறிந்தவருக்குத் தெரியும். ராயப்பன்பட்டியிலிருந்து வரும் ஒரு கிறிஸ்தவப் பிள்ளை முதல் பக்கத்தைத் திறந்ததும் என்ன நினைக்கும்? மூலம் எங்கே முடிகிறது, மொழிபெயர்ப்பாளரின் விளக்கம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத ஒருவர் கையில் அந்தப் புத்தகம் தவறான எண்ணத்தைக் கொடுத்துவிடும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்பெரி (1955) கேம்ப்ரிட்ஜ் பேராசிரியர், முஸ்லிம் அல்லாதவர். ஓசை நயத்தை ஆங்கிலத்தில் கொண்டுவர மிகவும் பாடுபட்டவர். வாய்விட்டுப் படிக்க அருமை. ஆனால் ஒவ்வொரு வசனத்துக்கும் எண் போடாமல் ஐந்துக்கு ஒன்றாகப் போட்டிருப்பதால் தேடுவது கஷ்டம். முஹம்மது அசத் (1980) ஆஸ்திரிய யூதக் குடும்பத்தில் பிறந்து முஸ்லிம் ஆனவர். அவருடைய குறிப்புகள் சிந்திக்க வைப்பவை, சில இடங்களில் மரபான விளக்கத்திலிருந்து விலகுபவை. இரண்டாவது அல்லது மூன்றாவது புத்தகமாக வைத்துக்கொள்ளுங்கள். ‘சஹீஹ் இன்டர்நேஷனல்’ (1997) ஜித்தாவில் இருந்த மூன்று அமெரிக்கப் பெண்கள் சேர்ந்து செய்தது. எளிய ஆங்கிலம், அரபிக்கு நெருக்கமாகப் போகும், ஆகவே சில இடங்களில் வறட்சியாக இருக்கும். அரபி ஓதத் தெரிந்து சொல்லுக்குச் சொல் அர்த்தம் பார்க்க நினைக்கும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது நல்ல துணை. டெல்லியில் மௌலானா வஹீதுத்தீன் கான் வெளியிட்டது (2009) மலிவு, பையில் அடங்கும், வாசிக்கவும் எளிது.

அப்படியானால் அப்துல் ஹலீம் ஏன்? எகிப்தில் சிறு வயதிலேயே குர்ஆனை மனனம் செய்தவர், லண்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். இரண்டு பக்கமும் தெரிந்த மனிதர். இன்றைய சாதாரண ஆங்கிலம். வசனங்களைத் துண்டு துண்டாக நிறுத்தாமல் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறார், அதனால் ஒரு பேச்சு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிடிபடும். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் முன்னால் இது மக்காவில் அருளப்பட்டதா மதீனாவிலா, எதைப் பற்றியது என்று சின்ன அறிமுகம். குறிப்புகள் குறைவு, தேவையான இடத்தில் மட்டும். அரபியும் ஆங்கிலமும் சேர்ந்த பதிப்பும் உண்டு, ஆங்கிலம் மட்டும் உள்ள பதிப்பும் உண்டு. அரபி இருந்தால் ஒளுவோடுதான் (தொழுகைக்குக் கழுவிக்கொள்வது போன்ற தூய்மையோடுதான்) தொட வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். பஸ்ஸில் தேனிக்குப் போய் வரும்போது படிக்க ஆங்கிலம் மட்டும் உள்ளதே வசதி.

யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். குர்ஆன்.காம் தளத்தில் பல மொழிபெயர்ப்புகளை ஒரே திரையில் அடுக்கிப் பார்க்கலாம், காசு இல்லை. நம் ஊர்க்காரர்களுக்கு நான் கொடுக்கும் சோதனைப் பகுதி 18ஆம் அத்தியாயத்தில், 32 முதல் 44 வரை உள்ள வசனங்கள்.

அது ஒரு திராட்சைத் தோட்டத்துக் கதை. ஒருவனுக்கு இரண்டு திராட்சைத் தோட்டங்கள். சுற்றிலும் பேரீச்சை, நடுவில் வெள்ளாமை, ஊடே ஓடும் ஆறு. விளைச்சலில் குறையே இல்லை. அவன் தோழனிடம் பெருமையடிக்கிறான், என் சொத்தும் அதிகம், என் ஆளும் அதிகம், இது அழியும் என்று நான் நினைக்கவே இல்லை என்கிறான். மண்ணிலிருந்து உன்னைப் படைத்தவனை மறந்தாயா என்று தோழன் கேட்கிறான். ஒரு நாள் எல்லாம் போய்விடுகிறது. போட்ட முதலை நினைத்துக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறான்.

சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் ஆனைமலையன்பட்டியிலும் கல்தூண் ஊன்றிக் கம்பி இழுத்துப் பந்தல் போட்டவர்களுக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டாம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அது சந்தோஷம். ஆனால் மழை தப்பிப் பெய்தால், நோய் விழுந்தால், விலை விழுந்தால் என்ன ஆகும் என்பதும் அந்த வீடுகளுக்குத் தெரியும். கதையின் முடிவில் தோட்டம் சரிந்து கிடக்கும் கோலத்தைக் குர்ஆன் ஒரு சின்னச் சொற்றொடரில் காட்டுகிறது. பிக்தாலும் சஹீஹ் இன்டர்நேஷனலும் அங்கே கொடிப் பந்தலைக் காட்டுகிறார்கள்: பந்தலோடு பந்தலாகத் தோட்டம் விழுந்து கிடக்கிறது. யூசுஃப் அலியிடம் பந்தல் இல்லை. அஸ்திவாரம் வரை நொறுங்கியது என்கிற பொருளில் எழுதுகிறார். அதில் உள்ள அரபிச் சொல் கூரைக்கும் வரும், பந்தலுக்கும் வரும், ஆகவே அவர் மேல் குற்றம் இல்லை. ஆனால் கம்பத்துக்காரனுக்குப் பந்தல் இருக்கும் மொழிபெயர்ப்பில்தான் அந்தத் தோட்டம் கண்ணில் நிற்கும். இப்படி உங்களுக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைப் பேசும் பகுதியை எடுத்து நாலு மொழிபெயர்ப்பில் பாருங்கள். எவர் எழுத்தில் காட்சி தெளிவாகத் தெரிகிறதோ அவர் உங்களுக்கானவர். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் வாழ்கிறவர்கள் 34ஆம் அத்தியாயத்தில் ஏமன் நாட்டு ஸபா மக்களையும் அவர்கள் அணையையும் பற்றிய பகுதியையும் பார்க்கலாம். அணையின் அருமை தெரிந்த ஊர் நாம்.

தமிழ் தர்ஜமா ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவது மொழிப்பற்றினால் அல்ல. இன்றைய ஆங்கிலத்தில் ஒருவரைச் சொன்னாலும் ஒரு கூட்டத்தைச் சொன்னாலும் ‘யூ’ ஒன்றுதான். அரபியில் இரண்டும் வேறு. குர்ஆனில் பேச்சு நபியைப் பார்த்து இருக்கும், அடுத்த மூச்சில் மக்களைப் பார்த்துத் திரும்பும். இதைத் தவறவிட்டால் யாருக்குச் சொன்னது என்பதே மாறிவிடும். 65ஆம் அத்தியாயத்தின் முதல் வசனம் நபியை விளித்துத் தொடங்கி உடனே பன்மையில் எல்லாருக்குமான மணவிலக்குச் சட்டத்தைச் சொல்கிறது. 93ஆம் அத்தியாயம் முழுக்க ஒரே ஒருவரிடம், மனம் சோர்ந்திருந்த நபியிடம், ஆறுதலாகப் பேசுவது. பிக்தாலின் பழைய ஆங்கிலம் ஒருமை பன்மையைக் காப்பாற்றும், அது அதன் பெரிய பலம். அப்துல் ஹலீம் அதற்காகவே தேவையான இடங்களில் இது நபியிடம், இது மக்களிடம் என்று அடைப்புக்குறியில் காட்டுகிறார். தமிழுக்கு அந்த உதவியே வேண்டாம். நபியிடம் ‘நீர்’, மக்களிடம் ‘நீங்கள்’. படித்தவுடன் தெரிந்துவிடும். இறைவன் தன்னை ‘நாம்’ என்று சொல்வதில் ஆங்கில வாசகர்கள் குழம்புவார்கள். ராஜா பேசும் தமிழைக் கேட்டு வளர்ந்த நமக்கு அதில் குழப்பமே இல்லை.

அப்துல் ஹமீது பாகவி தர்ஜமாவின் முதல் பகுதி 1929இல் அச்சேறியது, முழுவதும் 1949இல் வெளிவந்தது. இடையில் இருபது வருடத்தை அதற்கே கொடுத்தார் என்று சொல்லலாம். தமிழில் முழுக் குர்ஆனுக்கு வந்த முன்னோடித் தர்ஜமா அது. (பாகவி என்பது வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றதைக் காட்டும் பெயர். நம் பக்கத்துப் பள்ளிவாசல்களில் லால்பேட்டையில் ஓதிய மன்பயீக்களையும் திண்டுக்கல்லில் ஓதிய யூசுஃபிகளையும்கூடப் பார்க்கலாம்.) அவர் தமிழிலும் அடைப்புக்குறி விளக்கங்கள் உண்டு, நடை பழையது. ஆனாலும் அந்தத் தமிழில் ஒரு பணிவு இருக்கிறது, வாய்விட்டுப் படிக்கும்போது தெரியும். தமிழ் படிக்க வராத பிள்ளைகள் வீட்டில் அம்மாவையோ நன்னாவையோ படிக்கச் சொல்லி ஆங்கிலத்தில் தொடரலாம். எங்கள் வீட்டுப் பெண் இப்போது அப்படித்தான் செய்கிறாள், போனில் அவள் அம்மா படிக்க.

பெண்கள் என்னிடம் தனியாகக் கேட்கும் ஒரு வசனம் உண்டு, 4ஆம் அத்தியாயத்தின் 34. கணவன் மனைவி பிணக்கில் கடைசிப் படியாக வரும் ஒரு வினைச்சொல். பெரும்பாலானோர் அதை அடிப்பது என்றே மொழிபெயர்த்தார்கள். யூசுஃப் அலி ‘லேசாக’ என்று அடைப்புக்குறியில் சேர்த்தார். அசத், நபி தன் வாழ்நாளில் மனைவியரை அடித்ததே இல்லை, அதை வெறுத்தார் என்னும் ஹதீஸ்களை அடிக்குறிப்பில் கொண்டுவந்து வைத்தார். அமெரிக்காவில் லாலெ பக்தியார் 2007இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் அதே சொல்லுக்கு விலகிப் போவது என்று பொருள் கொடுத்தார், பெரிய விவாதம் நடந்தது. எந்தப் புத்தகம் வாங்கினாலும் இந்த இடத்தைத் திறந்து மொழிபெயர்ப்பாளர் என்ன செய்திருக்கிறார், குறிப்பு கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். கடினமான இடத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகிறவரைவிட, நின்று காரணம் சொல்கிறவரை நான் நம்புவேன்.

புத்தகம் வந்த பிறகு எங்கிருந்து தொடங்குவது? முதல் பக்கத்திலிருந்து நேராகப் போகாதீர்கள். குர்ஆனின் 114 அத்தியாயங்கள் கால வரிசையில் இல்லை. பொதுவாக நீளமானவை முன்னால், குட்டையானவை பின்னால். இரண்டாவது அத்தியாயமே 286 வசனம், சட்டங்களும் வரலாறும் கலந்தது. பாதி பேர் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள். முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு நேராக 12ஆம் அத்தியாயத்துக்குப் போங்கள். யூசுஃப் நபியின் கதை, கிணற்றில் தள்ளிய அண்ணன்மார்கள், அழுது கண் பூத்த தகப்பன். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கதையாகப் போகும். பிறகு மர்யமின் பெயரில் உள்ள 19, பிறகு 55. அதன் பிறகு கடைசி ஜுஸ்வு. சிறுவயதில் மனப்பாடம் செய்த சின்னச் சூராக்கள் (அத்தியாயங்கள்) எல்லாம் அங்கேதான். முதன்முதலாக அருளப்பட்ட வசனங்கள் 96இல் இருக்கின்றன. இவற்றையெல்லாம் முடித்துவிட்டு இரண்டாவதுக்கு வந்தால் அது சுமையாக இருக்காது. கம்பம் மண்டிக்காரர்களும் போடி ஏலக்காய் வியாபாரிகளும் அதில் 282ஆம் வசனத்தைப் பார்க்க வேண்டும். குர்ஆனின் மிக நீளமான வசனம், கடன் கொடுத்தால் எழுதி வை, சாட்சி வை என்று சொல்வது. வேதத்தின் மிக நீண்ட வசனம் கணக்கு வழக்கைப் பற்றியது என்பதில் எனக்குத் தீராத மகிழ்ச்சி.

நபியின் வாழ்க்கை கொஞ்சமாவது தெரியாமல் குர்ஆன் விளங்காது. எந்த வசனம் எந்த நெருக்கடியில் வந்தது என்பது அங்கேதான் இருக்கிறது. ஆங்கிலத்தில் மார்ட்டின் லிங்ஸ் 1983இல் எழுதிய வரலாறு நல்லது. தமிழில் நம் பெரியகுளத்துக்காரர் மு. மேத்தாவின் ‘நாயகம் ஒரு காவியம்’ இருக்கிறது, புதுக்கவிதையில்.

சந்தேகம் வந்தால் ஓரத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள், உங்கள் தெருப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேளுங்கள். முஸ்லிம் அல்லாதவர்களும் தயங்காமல் கேட்கலாம், அஸர் தொழுகைக்குப் பிறகு போனால் நிதானமாகப் பேச நேரம் இருக்கும். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு வழி: ரமலானில் தராவீஹ் என்னும் இரவுத் தொழுகையில், குர்ஆனை மனனம் செய்த ஹாபிஸ் இரவுக்கு ஒரு ஜுஸ்வு வீதம் ஓதுகிறார் அல்லவா, அன்று எந்தப் பகுதி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, நோன்பு திறந்து மக்ரிப் தொழுததும் அதன் மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டுப் போய் நில்லுங்கள். முழு ஜுஸ்வும் முடியாவிட்டால் பாதி. தொழுகையில் ஓதும்போது யூசுஃப் என்ற பெயர் காதில் விழும், மர்யம் என்ற பெயர் விழும், இப்போது கதையில் எங்கே இருக்கிறோம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.